பேர் இல்லாத மாதம்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதற்குத்தான் உனக்குச் சம்பளமே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கண்டி ஏரிக்கு மேலே ஏறும் பாதையில், ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் சர்வதேச நிறுவனத்தின் கிளை அது. அங்கே ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, இரண்டு இரும்பு அலுமாரி, நான்.

வெளிநாட்டு அதிகாரிகள் ஒரு நேரத்தில் மூன்று பேர், நான்கு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு வரவேண்டியதெல்லாம் என் கையால்தான் எழுதிப் போகும். அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் அவர்கள் இருக்கும் ஊரின் விலைவாசிக்கு ஏற்ப ஒரு தொகை. வீட்டு வாடகை கூடினால் அதில் ஒரு பங்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் பெரும் பங்கு. குறித்த காலத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குப் போய்வர விமானச் சீட்டு. வரும்போதும் போகும்போதும் தட்டுமுட்டுச் சாமானைக் கப்பலில் ஏற்றும் செலவு. கஷ்டமான ஊரில் வேலை செய்தால் கஷ்டத்துக்கும் ஒரு கொடுப்பனவு இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று ஏ, பி, சி என எழுத்துப் போட்டுத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாலைவனத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் பழைய ஊரின் எழுத்தையும் கண்டியின் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே கஷ்டம் போதவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அன்று காலை வத்தேகமை பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்த எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

இதை வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. அவர்கள் படும் பாட்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பிள்ளைகள் பத்து வயதுக்குள் நாலு பள்ளிக்கூடம் மாறுவார்கள், நாலு மொழியில் 'நண்பன்' என்று சொல்லத் தெரியும், ஒரு நண்பன் இருக்கமாட்டான். ஒருமுறை ஓர் அதிகாரி தன் தாயின் இறுதிச் சடங்கைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விமானச் சீட்டுக்கான அனுமதி மறுநாள்தான் வந்தது. அன்று அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்களைப் போல உள்ளூரில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் ரூபாயில். ஊரில் நல்ல சம்பளம் கொடுக்கும் இடங்கள் எவை என்று விசாரித்து, அவற்றோடு ஒப்பிட்டு எங்களுக்கும் போடுவார்கள். குறை சொல்வதற்கில்லை. ஓய்வூதிய நிதி உண்டு, மருத்துவக் காப்புறுதி உண்டு. வீட்டுக்காரரின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது அந்தக் காப்புறுதியில்தான். ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு தடவை அது முடியும்போதும் கொழும்பு அலுவலகத்திலிருந்து புதுப்பித்த கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ரூபாய் அதலபாதாளத்துக்குப் போன காலத்தில் எங்களுக்கும் மற்றவர்களைப் போலவே பருப்பும் சோறும்தான். சொந்தக்காரர்கள் மட்டும் நான் டொலரில் புரளுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கூரை போடக் காசு கேட்டு வந்த மச்சான் ஒருத்தர், "மாத்தித் தரவேணாம், டொலராவே குடுத்தாப் போதும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் கீழே மூன்றாவது ஒன்று இருந்தது. அதில் ஒரே ஓர் ஆள்தான். எங்கள் இரண்டாவது சாரதி.

அவர் ஹந்தானைத் தோட்டத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். மலைப்பாதையில் அவர் வண்டி ஓட்டினால் பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். முதலாவது சாரதி நிரந்தர ஆள், எங்களுக்குரிய எல்லாம் அவருக்கும் உண்டு. இவருடையது தற்காலிக ஒப்பந்தம். பதினொரு மாதம் வேலை, பிறகு ஒரு மாதம் கட்டாய இடைவெளி, பிறகு புதிய ஒப்பந்தம். நாங்கள் அதைப் பிரேக் என்போம். தொடர்ந்து ஒரு வருடம் வேலை செய்தார் என்று சொல்லி யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது, அதற்காக அந்த ஒரு மாதம். அந்த மாதத்தில் சம்பளம் இல்லை, காப்புறுதி இல்லை. மற்ற பதினொரு மாதத்திலும் ஓய்வூதியமோ சேமலாப நிதியோ கிடையாது. கொழுந்து பறிக்கும் அவருடைய மனைவிக்குக்கூடத் தோட்டத்தில் சம்பளத்தோடு சேமலாப நிதி பிடித்தார்கள். வெள்ளை ஜீப்பில் கொடி பறக்க ஓட்டிய அவருக்கு இல்லை. ஒன்பது வருடம் இப்படியே போனது.

பிரேக் எந்த மாதம் என்று திகதி போடுவது என் வேலை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரும் மாதத்தில் விழும்படி பார்த்துப் போடுவேன். எப்படியும் சம்பளமில்லாத மாதம், காவடியாவது ஆறுதலாக எடுக்கட்டுமே என்ற எண்ணம். ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

முதல் வருடப் பிரேக்கின்போதே ஒன்றைக் கவனித்தேன். திருவிழா முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு இவர் அலுவலக கேற்றுக்கு வெளியே நிற்கிறார். சட்டை மடிப்புக் கலையாமல், தலை வாரி, சப்பாத்து மினுங்க. ஏதாவது எடுக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நின்றார். பத்து மணிவரை நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மலையேறிப் போய்விட்டார். மூன்றாம் நாள் வெளியே போய்க் கேட்டேன்.

"பிரேக்குதானே தம்பி, வீட்ல இருங்களேன். இங்க என்னாத்துக்கு வந்து நிக்கிறீங்க?"

"சும்மாதாங்க்கா. மொகத்தக் காட்டிட்டுப் போவோம்னு."

"யாருக்கு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னாங்க்கா, நீங்களும் தோட்டத்துல பொறந்தவங்கதானே. பெரட்டுக்கு நிக்காதவனுக்கு யாரு பேரு போடுவா?"

எனக்குப் புரிந்தது. நானும் வத்தேகமைப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிப்பதுதான் பெரட்டு. கணக்கப்பிள்ளை அன்றைய வேலைக்குச் செக்ரோல் ஏட்டில் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் என்றாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் கூலிதான். பெரட்டுக்கு வராதவரின் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினாலும், வந்து நின்றோம் என்பது கணக்கப்பிள்ளையின் கண்ணில் பட வேண்டும். அந்த வழக்கத்தை இவர் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, உலகமெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கேற்றில் நிறுத்திவிட்டார்.

அப்போதே விளக்கியிருக்க வேண்டும். இங்கே பெரட்டு இல்லை தம்பி, நீங்கள் நின்றாலும் நிற்காவிட்டாலும் அடுத்த ஒப்பந்தம் கொழும்பு தீர்மானிப்பது என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டொரு தரம் சொல்லவும் செய்தேன். அவர் தலையாட்டுவார், மறுநாள் வந்து நிற்பார். நின்ற வருடமெல்லாம் புதிய ஒப்பந்தம் வந்ததால் அவருக்கு அதுவே அத்தாட்சியாகிவிட்டது. நாளடைவில் நானும் பழகிவிட்டேன். காலையில் கேற்றுக்கு ஒரு தேநீர் அனுப்புவேன். அதோடு என் மனச்சாட்சி அடங்கிவிடும்.

இது நடந்தது அவருடைய ஒன்பதாவது பிரேக்கில். புதிய தலைமை அதிகாரி ஒருவர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளிநாட்டு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், எல்லாரோடும் முகம் பார்த்துப் பேசுகிறவர். அன்று கலகெதரையில் ஒரு பெண்கள் சங்கத்தோடு அவருக்குக் கூட்டம். முதலாவது சாரதி காய்ச்சல் என்று காலையில் போன் போட்டுவிட்டார். வெளியே வாடகை வண்டி பிடிப்பதென்றால் மூன்று இடத்தில் விலை கேட்டு, அனுமதி எடுத்து, அரை நாள் போய்விடும். அம்மா என் கதவடியில் வந்து வண்டி இருக்கிறதா என்று கேட்டார். நான் ஜன்னலால் பார்த்தேன். வண்டி நின்றது. கேற்றுக்கு வெளியே சட்டை மடிப்புக் கலையாமல் இவரும் நின்றார்.

இருக்கிறது என்றேன்.

சாவிப் பெட்டி என் பொறுப்பில். ஜன்னலால் கைகாட்டி அவரைக் கூப்பிட்டு, கம்பிக்கு நடுவே சாவியை நீட்டினேன். "கலகெதர வரைக்குந்தான் தம்பி. போயிட்டு ஒடனே வந்துருங்க." சாவிப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் பிரேக்கில் இருக்கும் ஆளின் பேரை எழுத வேண்டும். வந்ததும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டேன். அந்தப் புதிய அம்மாவுக்குப் பிரேக் என்றால் என்ன, ஏன், எதற்கு என்று விளக்க வெட்கமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. அதைவிட, சாவியை வாங்கியபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

திரும்பி வரும்போது மழை. கலகெதரைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் எதிரே இறங்கிய லொறி வழுக்கிக்கொண்டு வந்தது. இவர் வண்டியை இடப்பக்கம் மண்மேட்டில் ஏற்றினார். பின் சீட்டின் இடப்பக்கம் இருந்த அம்மாவுக்குக் கழுத்துச் சுளுக்கு. லொறியின் முகம் இவருடைய கதவில் மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் அப்படித் திருப்பியிராவிட்டால் நான் இருந்திருக்கமாட்டேன் என்று அம்மா அன்று மாலையே எல்லாரிடமும் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மாவுக்காக நான் நிரப்பிய படிவங்கள் ஏழு. கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் பரிசோதனை, கழுத்துக்கு ஸ்கேன், போக்குவரத்து, மனநல ஆலோசகரோடு பேச ஏற்பாடு, விசேட விடுமுறை, சொந்த நாட்டிலிருக்கும் கணவர் வந்துபோக அனுமதி, சேதமான கைப்பைக்கும் கணினிக்கும் இழப்பீடு. ஒவ்வொன்றும் அவருக்கு உரியது, ஒன்றையும் அவர் கேட்டு வாங்கவில்லை. பிறகு தம்பியின் கோப்பைத் திறந்தேன். பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு இடம் கிடைக்காமல் அவர் பாயில் கிடந்தார். கோப்பில் அன்றைய திகதிக்கு ஒப்பந்தம் இல்லை. நிரப்புவதற்கு ஒரு தாளும் இல்லை.

கொழும்பிலிருந்து விசாரணை தொடங்கியது. மூன்று பேரிடம் எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். பயணம் செய்த அதிகாரி, வண்டி ஓட்டியவர், சாவிக்குப் பொறுப்பானவர். எனக்குப் பத்து நாள் தவணை. கேள்வி ஒன்றுதான். வேலையில் இல்லாத ஒருவரின் கைக்கு வண்டிச் சாவி எப்படிப் போனது?

அலுவலகம் கொடுத்து ஓட்டினார் என்றால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் அவருக்குக் கிடைக்க ஒரு வழி திறக்கும். தானாக எடுத்து ஓட்டினார் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும், வண்டிச் சேதத்தையும் அவர் தலையில் கட்டுவார்கள். முதலாவது உண்மை. அதை எழுதினால் என் கதை என்னாகும்? இன்னும் இரண்டு மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரர் மாதா மாதம் எடுக்கும் மருந்தின் விலையை நான் அறிவேன்.

நான் எழுதவில்லை. நாளைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று எட்டு நாள் இழுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. பயந்தால் நான் எவ்வளவு சின்ன ஆளாகிவிடுகிறேன் என்று அந்த எட்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

எட்டாம் நாள் மற்ற இரண்டு வாக்குமூலமும் கோப்பில் சேர்ப்பதற்காக என் மேசைக்கே வந்தன. அம்மா நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். வண்டி இருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது, சாரதி வண்டியருகே நின்றார், வேலையில் இருப்பவர் என்று நினைத்தேன். தம்பியுடையது ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டுத் தமிழில் எழுதியது, கீழே இவருடைய கையெழுத்து. 'சாவியை நானே பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்த அக்கா அப்போது மேசையில் இல்லை. அவங்களுக்குத் தெரியாது.'

மூன்று வரியையும் பலமுறை வாசித்தேன். எனக்கு முதலில் வந்தது நன்றியோ அழுகையோ இல்லை, ஆறுதல். தப்பித்தேன் என்ற ஆறுதல். இதை எழுதத்தான் வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன், ஆனால் அப்படித்தான் இருந்தது. பதிவேடு வெறுமையாக இருந்தது. அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குத் தெரியாது என்று நான் ஒரு வரி எழுதினால் போதும்.

அன்று மாலை பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் கட்டில் கிடைத்திருந்தது. காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவருடைய மனைவி வேலை விட்டு நேராக வந்திருந்தாள், கைவிரலில் கொழுந்துக் கறை. என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைக் கொடுத்தாள். அவர் படுத்தபடியே எழும்பப் பார்த்தார்.

"ஏன் தம்பி அப்பிடி எழுதுனீங்க?" என்றேன்.

"எப்பிடிங்க்கா?"

"சாவிய நாந்தானே குடுத்தேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். இந்தப் பேச்சு அவர்களுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

"எனக்குப் போனா ஒரு கால்தாங்க்கா. அது கட்டிருவாங்க," என்றார். "நீங்க போயிட்டா? அடுத்த மாசம் யாரு எம்பேரப் போடுவா? புதுசா வர்றவங்களுக்கு என்னயத் தெரியுமா?"

"நான் போடுறதில்ல தம்பி. எத்தன தரம் சொல்லியிருக்கேன். எல்லாம் கொழும்பு. நான் டைப் அடிக்கிறவ."

"சரிங்க்கா, சரிங்க்கா," என்று சிரித்தார். எந்தக் கணக்கப்பிள்ளையும் தன் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் தொரை முடிவு என்றுதான் சொல்வார் என்பதை அறிந்தவரின் சிரிப்பு அது. நான் எதைச் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. ஒன்பது வருடமாக என் கண்ணில் படத்தான் அவர் கேற்றில் நின்றிருக்கிறார். அவர் பெரட்டுக்கு நின்றது நிறுவனத்துக்கு அல்ல, எனக்கு. பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரே என்றும் பாராமல் அழுதுவிட்டேன். மனைவிதான் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் எழுதினேன். எழுதுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, மனிதர் மாத்திரைப் பெட்டியை மூடி அப்பால் வைத்தார். "எழுது. மருந்து மாத்திர எல்லாம் பொறவு பாப்போம்," என்றார். சாவியை நான்தான் கொடுத்தேன், அவர் பிரேக்கில் இருப்பது தெரிந்தே கொடுத்தேன், பதிவேட்டில் வேண்டுமென்றே எழுதவில்லை, அவருடைய வாக்குமூலம் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்று எழுதினேன். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. என் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், கோபப்பார்வைதான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொழும்போடு ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்து, இந்தப் பிரேக் என்பது என்ன, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் வந்த புதிதிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

முடிவு வர ஆறு வாரம் எடுத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதம். அவருக்குச் சிகிச்சைச் செலவும், கால் தேறும்வரை சில மாதச் சம்பளமும் இழப்பீடாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் கொடுப்பதற்கு ஒரு தடங்கல். ஒப்பந்தம் இல்லாத ஆளுக்குக் காப்புறுதியிலிருந்து காசு போகாது. அதற்கும் கொழும்பு ஒரு வழி கண்டுபிடித்தது. விபத்து நடந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு அனுப்பும்படி எனக்கு எழுதினார்கள்.

நான் இருபது வருடமாக ஒப்பந்தம் அடிக்கிறேன். தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் ஒன்றாக இருந்த ஒப்பந்தம் அது ஒன்றுதான். இரண்டாம் பக்கத்தில் விடுமுறை பற்றி ஒரு வாசகம் வரும், மாதத்துக்கு இத்தனை நாள் என்று. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதினேன். அது நிரந்தர வாசகம், கை வைக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

கையெழுத்து வாங்க நானே ஹந்தானைக்குப் போனேன். முச்சக்கர வண்டி ஏறாத இடத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து லயத்தை அடைந்தேன். அவர் தன் காம்பரா வாசலில், காலை ஒரு மரப்பெட்டியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலுக்குள் ஆணி வைத்திருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, அதற்குப் பிறகும் நெடுந்தூரம் முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இழப்பீட்டு விவரத்தை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. திகதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு நாளாங்க்கா?"

"ஒரு நாள்தான் தம்பி. அன்னக்கி மட்டும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளத்தான் நானே வந்திருந்தேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"இங்க வா, இங்க வந்து பாரு. அன்னக்கிக்குப் பேரு போட்டுட்டாங்க. அக்கா போடுவாங்கன்னு நாஞ் சொன்னேன்ல?"

மனைவி வெளியே வந்தாள். மலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், இடுப்பில் இன்னும் படங்குச் சாக்குக் கட்டியிருந்தது. கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். ஆங்கிலத்தில் இருந்ததால் அவளால் வாசிக்க முடியவில்லை. அவருடைய பேர் எங்கே என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். இது யார் அடித்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அந்த நாள் முடிந்துபோய் இரண்டு மாதம் ஆகிறதே, முடிந்த நாளுக்கும் போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

அவள் தாளை அவர் மடியில் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். குரலில் சண்டை இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"முடிஞ்சு போன நாளைக்கே போட முடியுதுன்னா, இத்தன வருசமா நீங்க ஏங்க்கா போடாம விட்டீங்க?"

"ஏய்," என்று அவர் அதட்டினார். "அக்காகிட்ட என்னா பேச்சு இது. உள்ள போ."

"கேக்கட்டும் தம்பி," என்றேன்.

சட்டம், கொழும்பு, தலைமையகம் என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும்படி கேட்பதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. இரண்டே பக்கம். என் அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. கேட்டால் இல்லை என்றும் சொல்லியிருப்பார்கள், ஆம் என்றும் சொல்லியிருப்பார்கள். ஒன்பது வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட நிரப்பி அனுப்பவில்லை. நிரப்ப வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அதைத்தான் அவளிடம் சொன்னேன்.